46 வயதில் கேம் ஆடத் தொடங்கிய கணவர்: என்னைவிட்டு விலகுகிறாரா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 44 வயது, கணவருக்கு 46. ஒரே மகன். போன வருடம் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். போகும் முன் அப்பாவின் மடிக்கணினியில் ஒரு ஆன்லைன் கேமை ஏற்றிக்கொடுத்து, ‘ராத்திரி ஒரு மேட்ச் சேர்ந்து ஆடலாம்ப்பா’ என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனிதர் இவர். முதல் இரண்டு மாதம் அப்பாவும் பிள்ளையும் ஆடினார்கள். அப்புறம் அவனுக்குப் படிப்பு, நண்பர்கள் என்று நேரமில்லாமல் போய்விட்டது. இவர் மட்டும் நிறுத்தவில்லை. முகம் தெரியாத நான்கு பேரோடு தினமும் இரவு 10 மணிக்கு உட்கார்ந்தால், எழுந்திருக்க 12 ஆகிறது, சில நாள் 1 மணி. என்னிடம் நாளைக்கு நாலு வார்த்தை பேசாதவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு சிரிக்கிறார். கூப்பிட்டால் ‘இரு, மேட்ச் முடியட்டும்’ என்று எரிந்து விழுகிறார். அந்த டீமில் ஒரு பெண் குரலும் கேட்கிறது. கிரெடிட் கார்டு கணக்கைப் பார்த்தால், எனக்குச் சொல்லாமல் ஆறு தடவை கேமுக்காக ‘ஸ்கின்’ என்று ஏதோ வாங்கியிருக்கிறார். கணக்குப் பிரிவில் வேலை. தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை தவறு செய்து மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினார்.

கேம் ஆடுவது நோய் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டதாமே? மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனம் போதைப்பொருள் மாதிரி வேலை செய்கிறது என்றும் வீடியோக்களில் பார்த்தேன். கேம் சின்னப் பையன்களுக்கானது. இந்த வயதில் ஒருவர் அதில் போய் விழுகிறார் என்றால் வீடு பிடிக்கவில்லை, நான் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நானும் தூக்கம் வரும்வரை போனில் கலர் கட்டங்களைச் சேர்க்கும் ஆட்டம் ஆடுவேன், ஆனால் அது சும்மா பொழுதுபோக்கு. மகனிடம் அவருடைய பாஸ்வேர்டு இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அந்த அக்கவுண்டை அழித்துவிடட்டுமா? இல்லை, ‘கேமா, நானா?’ என்று நேரடியாகக் கேட்டுவிடட்டுமா?”

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரி,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். அவர் என்னைவிட்டு விலகிப் போகிறாரா? அதற்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேம் ஆடுகிறார் என்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர இடமில்லை என்று என்னால் சொல்ல முடியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்து நீங்கள் என்ன செய்யலாம் என்பது அதைப் பொறுத்ததுதான்.

ஒருவர் ஒரு கேமைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும், அதில் நிலைத்திருப்பதற்கு வேறொரு காரணம் இருக்கும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். இன்று அவர் அங்கேயே இருப்பதைப் பார்த்து, ஆரம்பத்திலேயே வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் போனார் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கடிதமே அப்படிச் சொல்லவில்லையே!

தொடங்கியது ஏன்

தொடங்கிய காரணம் உங்கள் மகன். ஊரைவிட்டுப் போகிற பிள்ளை, அப்பாவோடு தினமும் சேர்ந்திருக்க ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெரியவர்கள் பலரும் தாங்களாகத் தேடிப்போய் ஒரு கேமைக் கண்டுபிடிப்பதில்லை. நெருக்கமான ஒருவர் ஏற்கெனவே ஆடுகிறார், அவரோடு சேர்ந்திருக்க இதுவே சுலபமான வழி என்றாகும்போது உள்ளே வருகிறார்கள். 2016இல் போகிமான் கோ என்ற போன் கேம் வந்தபோது, அதற்குமுன் எந்த கேமையும் தொடாத எத்தனையோ பேர் தெருவில் இறங்கி நடந்தார்கள். கையில் போன் ஏற்கெனவே இருந்தது, நடக்கத் தெரிந்தால் போதும், பக்கத்தில் இருப்பவரும் ஆடிக்கொண்டிருந்தார்.

மக்கள் ஒரு புதிய தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு 1989இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். அது பயன்படும் என்ற எண்ணமும், பயன்படுத்துவது எளிது என்ற எண்ணமும்தான் முக்கியம் என்றார். அலுவலக மென்பொருளுக்கு அது சரியாகவே பொருந்தியது. ஆனால் மகிழ்ச்சிக்காகவே உருவாகும் மென்பொருளில் கணக்கு மாறுகிறது. அங்கே பயனைவிட, ஆடும்போது கிடைக்கிற சந்தோஷமும் எளிமையும்தான் ஆளை உள்ளே இழுக்கின்றன என்று 2004இல் ஹான்ஸ் வான் டெர் ஹெய்டன் என்ற ஆய்வாளர் காட்டினார். உங்கள் வீட்டில் ஏற்றிக்கொடுப்பது, கணக்குத் தொடங்குவது, எந்த பட்டனை அழுத்துவது என்று சொல்லித்தருவது எல்லாவற்றையும் மகனே செய்துவிட்டான். தயங்கி நிற்க அவருக்குக் காரணமே மிஞ்சவில்லை.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடியோ கேம் பிறந்ததே பெரியவர்கள் மத்தியில்தான். 1972இல் பாங் என்ற ஆட்டத்தின் இயந்திரத்தை முதன்முதலில் பொதுமக்களுக்கு வைத்துப் பார்த்த இடம் ஒரு மதுக்கூடம். 1984இல் மாஸ்கோவின் கணினி மையம் ஒன்றில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னவ் டெட்ரிஸ் என்ற ஆட்டத்தை உருவாக்கியபோது, முதலில் அதில் மாட்டிக்கொண்டவர்கள் அவருடைய அலுவலகத் தோழர்கள். அமெரிக்க கேம் தொழில் சங்கத்தின் ஆண்டுக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், அங்கே ஆடுகிறவர்களின் சராசரி வயது 30க்கு மேல், பெண்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். 46 வயதில் ஆடுவது விசித்திரமான நடத்தை அல்ல, அதை மனக்குறையின் அடையாளமாகப் படிக்கவும் வேண்டாம்.

தொடர்வது ஏன்

மகன் வருவது நின்ற பிறகும் அவர் போகிறாரே, அதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்களின் கோட்பாடு ஒன்று உண்டு. மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் இருக்கின்றன என்கிறார்கள் அவர்கள். நான் ஒன்றைத் திறமையாகச் செய்கிறேன் என்ற உணர்வு, நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, மற்றவர்களோடு பிணைப்பு. 2006இல் ரயனும் இன்னும் இருவரும் இதை வீடியோ கேம்களில் சோதித்துப் பார்த்தார்கள். இந்தத் தேவைகளை ஒரு கேம் எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறதோ, அந்த அளவுக்கு ஆட்டம் பிடிக்கிறது, திரும்ப வரவும் தோன்றுகிறது என்று கண்டார்கள்.

உங்கள் கணவரின் ஒரு நாளை இந்த மூன்றோடு வைத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவு என்பது சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாத, தவறாகச் செய்தால் மட்டும் எல்லோருக்கும் தெரிகிற வேலை. 364 நாள் ஒழுங்காகச் செய்தவரை ஒரு தவறுக்காகத்தான் மேலதிகாரி கூப்பிட்டார். கேமில் அப்படி இல்லை. நல்லதாக ஒன்று செய்தால் அந்த நொடியே திரை சொல்கிறது, டீம் சொல்கிறது. தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று தெரிகிறது, அடுத்த மேட்ச்சில் அதைத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. பகல் முழுக்க அடுத்தவர் போட்ட கெடுவுக்கு ஓடுகிறவர், இரவில் எந்தப் பாத்திரம், எந்த வழி, எந்த உத்தி என்று தானே தேர்ந்துகொள்கிறார். 10 மணிக்கு நான்கு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுத்தர வயதில் ஆண்களுக்கு நட்பு சத்தமில்லாமல் குறைந்துபோகிறது. வேலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, எல்லோருக்கும் குடும்பப் பொறுப்பு வந்துவிடுகிறது. எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது பல ஆண்களுக்கு வராது. தோளோடு தோள் நின்று ஏதோ ஒரு வேலையைச் செய்யும்போதுதான் பேச்சு வரும். வீடும் அலுவலகமும் அல்லாத மூன்றாவது இடம் ஒன்று மனிதருக்குத் தேவை என்று 1989இல் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் எழுதினார். பதவி, சம்பளம் எதுவும் பார்க்காமல், தெரிந்த முகங்களோடு அரட்டை அடிக்கும் இடம் அது. குழுவாக ஆடும் ஆன்லைன் கேம்கள் இன்று பலருக்கு அந்த இடமாகியிருக்கின்றன என்று 2006இல் இரண்டு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நீங்கள் அறைக்கு வெளியே இருந்து கேட்கும் சிரிப்பு அந்த மூன்றாவது இடத்துச் சிரிப்பாக இருக்கலாம்.

எல்லோரும் ஒரே காரணத்துக்காக ஆடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996இல் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற கேம் வடிவமைப்பாளர், ஆடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளியும் பட்டமும் சேர்க்க வருகிறவர்கள், மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பேசிப் பழக வருகிறவர்கள், அடுத்தவரை வீழ்த்துவதிலேயே சுகம் காண்கிறவர்கள். பிற்கால ஆய்வுகள் இதைத் திருத்தியிருக்கின்றன, ஆனாலும் ஆளை அடையாளம் காண இது நல்ல தொடக்கம். உங்கள் கணவர் எந்த வகை என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஸ்கின் என்பது பெரும்பாலான கேம்களில் பாத்திரத்தின் உடை, தோற்றம், அவ்வளவுதான். அதை வாங்கினால் பலம் கூடாது, ஜெயிக்கவும் உதவாது, மற்றவர்கள் பார்ப்பார்கள். அதையும் ஆறு தடவை வாங்கியிருக்கிறார், தினமும் அதே நான்கு பேரோடுதான் ஆடுகிறார். எனவே அவரை இழுப்பது வெற்றியைவிட அந்தக் கூட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எல்லாமே அவருடைய மனத்தேவை என்று சொல்லிவிட்டால் கேம் நிறுவனங்களை விட்டுவிட்டதாகிவிடும். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, இந்த சீசன் முடிந்தால் கிடைக்காத பொருள், எவ்வளவு புள்ளி சேர்ந்திருக்கிறது என்று காட்டி முக்கால்வாசி நிறைந்து நிற்கும் கோடு எல்லாம் ஆளைத் திரும்ப வரவைக்கவே வடிவமைக்கப்படுகின்றன. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்துவைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் திறமைக்கு ஏற்ற எதிரியையே தேடிக் கோர்த்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. ரொம்பச் சுலபமாகவும் இல்லாமல், ரொம்பக் கஷ்டமாகவும் இல்லாமல் சவால் இருக்கும்போது மனிதர் நேரத்தையே மறந்து மூழ்கிவிடுவார் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் விவரித்த நிலை அங்கே தானாக வந்துவிடுகிறது. ‘இன்னும் ஒரே ஒரு மேட்ச்’ என்பது அவருடைய பலவீனம் மட்டுமல்ல.

‘இரு, மேட்ச் முடியட்டும்’ என்பதற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. குழு ஆட்டங்களை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. ஒருவர் எழுந்துபோனால், நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகும் கட்டிலில் ஒருவர் கையை விட்டது போலாகிவிடும். பல கேம்களில் அப்படிப் போகிறவருக்குத் தண்டனையாகச் சிறிது நேரம் ஆடத் தடையும் விழும். அதற்காக எரிந்து விழலாம் என்று நான் சொல்லவில்லை. மனைவியிடம் அந்தத் தொனி கூடாது, அதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் மேட்ச் நடுவில் கேட்ட கோபத்தை உங்கள் மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ‘சும்மா பொழுதுபோக்கு’

கலர் கட்டங்களைச் சேர்க்கிறீர்களே, அதுவும் வீடியோ கேம்தான். உங்களைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை, அவரைப் புரிந்துகொள்ள உங்களிடமே ஒரு சாவி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் ஏன் ஆடுகிறீர்கள்? என்னிடம் வரும் பெண்கள் பலர் சொல்வது இதுதான்: படுத்தால் மனம் ஓய மாட்டேன் என்கிறது, ஆடினால் ஓய்கிறது. நாள் முழுக்கச் செய்தாலும் முடியாத வீட்டு வேலைக்கு நடுவில், கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தி ‘முடிந்தது’ என்று பார்க்கும் சின்ன நிறைவு அதில் கிடைக்கிறது. அதில் பேச்சுத்துணை இல்லை, உங்களுக்கு அந்த நேரத்தில் அது வேண்டியதும் இல்லை. அவருக்கு வேண்டியது வேறாக இருந்ததால் அவர் வேறொரு ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. மகன் போன வருடத்திலிருந்து, இரவு 10 மணிக்கு மேல் உங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு அறையில் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மகன் இல்லாத வெறுமையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரும் அதைப் பற்றி உங்களிடம் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் சொன்னதில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் ‘கேம் ஆடுவது நோய்’ என்று அது சொல்லவில்லை, இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்றும் சொல்லவில்லை. அது கேட்பது மூன்று விஷயங்களை. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கையை மீறிப் போயிருக்க வேண்டும். வாழ்க்கையின் மற்ற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் அது பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் வந்த பிறகும் தொடர வேண்டும், அல்லது இன்னும் கூட வேண்டும். இவற்றால் குடும்பம், வேலை, படிப்பு போன்றவை கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். பொதுவாக இதெல்லாம் 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், மிகக் கடுமையாக இருந்தால் மட்டுமே அந்தக் காலம் குறையலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடோ, இணைய கேமிங் கோளாறு என்பதை மேலும் ஆராய வேண்டிய ஒன்றாகத்தான் வைத்தது.

டோபமைன் கதையும் அப்படித்தான். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு ஆண்களைத் திரையில் ஒரு டாங்கியை ஓட்டும் ஆட்டம் ஆடவிட்டு, மூளையில் டோபமைன் வெளிப்படுவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். லெவல் தாண்டினால் பணமும் உண்டு. அது முக்கியமான ஆய்வுதான். ஆனால் பிடித்த பாட்டைக் கேட்கும்போதும் பசித்த நேரத்தில் சாப்பிடும்போதும் டோபமைன் வேலை செய்கிறது. அது சுரக்கிறது என்பதாலேயே ஒன்று போதைப்பொருள் ஆகிவிடாது.

அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தூக்கம் குறைந்திருக்கிறது, வேலையில் ஒரு தவறு நடந்திருக்கிறது, செலவை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் யோசிக்கும் வழிகள்

தெரியாமல் அக்கவுண்டை அழிப்பது: வேண்டவே வேண்டாம். அது அவருடைய கணக்கு, அதில் அவர் உழைப்பும் பணமும் நண்பர்களும் இருக்கிறார்கள். அழித்தால் மறுநாளே புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுவார், உங்கள் மேல் இருந்த நம்பிக்கைதான் திரும்பாது. பாஸ்வேர்டு கொடுத்த பிள்ளை அப்பாவைக் காட்டிக்கொடுத்தவனாகிவிடுவான். தென் கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம்களைச் சட்டம் போட்டே பூட்டியது. பிள்ளைகள் பெரியவர்களின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் கழித்து அரசே அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஒரு நாட்டுக்கே முடியாத பூட்டு, 46 வயது மனிதரிடம் எப்படி நிற்கும்?

‘கேமா, நானா?’: இந்தக் கேள்விக்கு ‘நீதான்’ என்றுதான் பதில் வரும். அப்புறம் அவர் மறைத்து ஆடுவார். இப்போதாவது எப்போது ஆடுகிறார், யாரோடு பேசுகிறார் என்று உங்களுக்குக் கேட்கிறது.

அந்தப் பெண் குரல்: ஐந்து பேர் ஆடும் இடத்தில் ஒரு பெண் இருப்பது இயல்பு. ஆனாலும் அது உங்களை உறுத்துகிறது, அதை மறைக்கத் தேவையில்லை. அவருடைய சாட் உரையாடல்களை எடுத்துப் படிக்காமல், ‘உங்க டீம்ல யார் யார் இருக்காங்க? எனக்கும் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். இயல்பாகச் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பணம்: இங்கே உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. குடும்பப் பணத்தில் நடக்கும் செலவு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் ‘அந்தக் கருமத்துக்கா காசு?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம் என்று தொடங்குங்கள். மாதம் இவ்வளவு என்று சேர்ந்தே ஒரு வரம்பு வையுங்கள், சேமித்துவைத்திருக்கும் கார்டு விவரத்தை நீக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அவர் வாங்கியது இன்ன ஸ்கின் என்று தெரிந்து வாங்கியதா, அல்லது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத லூட் பாக்ஸா? இரண்டாவது, சூதாட்டத்துக்கு மிக அருகில் இருக்கிற விஷயம். காசுக்கு விற்ற சில லூட் பாக்ஸ்கள் தன் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக பெல்ஜியம் 2018இலேயே சொல்லிவிட்டது. அப்படி இருந்தால் வரம்பு என்ற பேச்சே வேண்டாம், முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் என்ன செய்யச் சொல்வேன்

முதல் வேலையாக ஒரு மேட்ச்சை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றும் புரியாது, பரவாயில்லை. முடிந்த பிறகு இதில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். குறுக்கு விசாரணையாக அது ஒலிக்கக் கூடாது. பதில் ஜெயிப்பதைப் பற்றி வருகிறதா, அந்த நண்பர்களைப் பற்றி வருகிறதா, ‘வேற எதையும் நினைக்காம இருக்க முடியுது’ என்று வருகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது பதில் வந்தால் அடுத்த கேள்வி கேமைப் பற்றியதாக இருக்க வேண்டாம். எதை நினைக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள்.

கட்டுப்பாடு பற்றிய பேச்சை இரவு 10 மணிக்கு எடுக்காதீர்கள். விடுமுறை நாள் காலையில் எடுங்கள். ‘எப்பப் பாத்தாலும் கேம்’ என்று பொதுவாகச் சொல்லாமல் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்: ‘ராத்திரி நான் தனியா படுக்கிறேன், எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நீங்க தூங்காம வேலைக்குப் போறது பயமா இருக்கு.’ இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது.

ஒப்பந்தம் போடும்போது எப்போது முடிக்க வேண்டும் என்று நேரம் குறிக்காதீர்கள். மேட்ச் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது, அதிலேயே தினமும் சண்டை வரும். கடைசி மேட்ச்சை எப்போது தொடங்கலாம் என்பதற்கு நேரம் வையுங்கள். 11 மணிக்கு மேல் புது மேட்ச் தொடங்குவதில்லை என்றால் அது அவர் கையில் இருக்கும் விஷயம், டீமிடம் சொல்லிவைக்கவும் முடியும். அவசரம் இல்லாவிட்டால் மேட்ச் நடுவில் கூப்பிடுவதில்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் எரிந்து விழுவதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு மாலை இருவருக்கும் திரை கிடையாது. உங்கள் கலர் கட்டங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகனை உளவாளியாக்காதீர்கள், நடுவராகவும் ஆக்காதீர்கள். அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாரம் ஒரு நாள் அப்பாவோடு மறுபடி ஆட முடியுமா? தொடங்கிய காரணம் திரும்பிவந்தால், மற்ற நாட்களின் பிடி கொஞ்சம் தளரலாம்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

இதையெல்லாம் ஆறு வாரம் செய்து பாருங்கள். ஒப்பந்தத்தை அவரே மனதார ஒப்புக்கொண்டும் திரும்பத் திரும்பக் காப்பாற்ற முடியாமல் போனால், வேலையில் தவறுகள் தொடர்ந்தால், செலவை மறைப்பது நிற்காவிட்டால், ஆடாத நேரத்திலும் எதிலும் ஒட்டாமல் இருந்தால், ஒரு மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். இந்த அறிகுறிகளில் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். சில நேரம் மனச்சோர்வுதான் முதலில் வந்திருக்கும், கேம் அதற்கு ஒளிந்துகொள்ளும் இடமாகியிருக்கும். அப்போது கேமைப் பிடுங்கினால் சோர்வு இன்னும் கூடும். வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போல அவர் ஏதாவது பேசினாலோ, கோபம் கைநீட்டும் அளவுக்குப் போனாலோ ஆறு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே உதவி தேடுங்கள்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம், அதில் தவறே இல்லை. போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டு போங்கள்: அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார், ஆடாத நேரத்தில் எப்படி இருந்தார், நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள். எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற கணக்கைவிட ஆலோசகருக்கு அதுதான் உதவும்.